பாய்ச்சுகிறவன் தலைமதகை அடைக்கக் கூடாது

கூடங்குளத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அணு உலை பற்றிய பதிவு இல்லை. எங்கள் ஊர்ப் பெயரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சொன்னாலே எல்லோருக்கும் 2019 ஞாபகம் வந்துவிடுகிறது. நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருந்தது என்று அந்த அக்டோபர் கடைசியில் அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது, பெரிய செய்தியானது. நான் சொல்ல வந்தது அதைவிட ரொம்பச் சின்ன விஷயம். பத்து வரிகூட வராத ஒரு நிரல். அது ஏன் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் பேச்சு.

மதினிமார், சித்திமார், மருமக்கள் எல்லாம் "சார் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார்" என்று தாண்டிப் போய்விட வேண்டாம். நடுவில் தண்ணீர் வழக்கு ஒன்று இருக்கிறது.

நடந்தது இதுதான். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பையன் ஒருத்தன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் கம்பெனியில் எல்லா அணிகளும் பயன்படுத்துவதற்கான பொது நூலகம் ஒன்றை எழுதும் பொறுப்பு இவனுக்கு வந்திருக்கிறது. ஜாவா மொழி. "சார், சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று ஒரு கோப்பு அனுப்பினான். ஒரு ஸ்ட்ரீமில் இருந்து இன்னொரு ஸ்ட்ரீமுக்குத் தரவை நகல் எடுக்க மட்டும் அதில் பதினான்கு மெத்தட். மூடுகிற மாதிரி ஒன்று, மூடாத மாதிரி ஒன்று. பஃபர் அளவு கேட்பது ஒன்று. எவ்வளவு முடிந்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவது ஒன்று. எழுத்தாக மாற்றிக் கொடுப்பது மூன்று. நான் "ரெண்டு போதும்ப்பா" என்று மட்டும் பதில் போட்டேன். அவனுக்கு வருத்தம். "சார், ஸ்கூல் வேற, இண்டஸ்ட்ரி வேற" என்றான். சரி, பதிலை விரிவாகவே சொல்லிவிடலாம், இதே வேலையில் உங்களில் பல பேர் இருக்கிறீர்களே என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ட்ரீம் என்றால் ஓடை. கோப்பில் இருந்து வந்தாலும் சரி, இணையத்தில் இருந்து வந்தாலும் சரி, கேமராவில் இருந்து வந்தாலும் சரி, தரவு மொத்தமாக வந்து விழாது. ஓடை மாதிரி வரிசையாக வரும். ஓர் ஓடையில் வருவதை அப்படியே இன்னோர் ஓடைக்குள் விடுவது நிரலாளருக்கு அன்றாட வேலை. நீங்கள் போனில் ஒரு போட்டோவைத் தரவிறக்கும்போது உள்ளே நடப்பது இதுதான். ஒரு வாளியை எடு, இங்கே முகர், அங்கே ஊற்று, வருவது நிற்கும்வரை திரும்பச் செய். அந்த வாளிக்குப் பெயர்தான் பஃபர். 8192 பைட் வாளி என்பது ரொம்பக் காலமாகப் புழங்கும் அளவு.

இவ்வளவு எளிய வேலைக்கு ஜாவா மொழியிலேயே ஒரு மெத்தட் வர எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? மொழியின் முதல் பதிப்பு 1996 ஜனவரி. இன்புட்ஸ்ட்ரீமும் அவுட்புட்ஸ்ட்ரீமும் அன்றைக்கே இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுகிற டிரான்ஸ்ஃபர்டூ வந்தது 2017 செப்டம்பரில், ஒன்பதாம் பதிப்பில். கோப்புகளுக்கு மட்டும் ஒரு வழி 2011-இல் ஏழாம் பதிப்பில் வந்தது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் காப்பிடூ 2010-இலேயே வந்துவிட்டது. பைத்தானில் இதே வேலைக்கு ஷூட்டில் தொகுப்பில் காப்பிஃபைல்ஆப்ஜ் என்று ஒன்று உண்டு. கோ மொழி 2012-இல் முதல் பதிப்பு வெளியிட்டபோதே ஐஓ தொகுப்பில் காப்பி இருந்தது. ஜாவாக்காரர்கள் மட்டும் 21 வருஷம் அவரவர் வாளியை அவரவரே செய்துகொண்டார்கள்.

"பத்து வரிதானே, யார் எழுதினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: அந்தப் பத்து வரியைத்தான் எல்லோரும் தப்பாக எழுதுகிறார்கள். பரீட்சைத்தாள் திருத்திய கைக்குத் தெரியும், கடினமான கேள்வியில் பிள்ளைகள் செய்யும் தப்பு ஆளுக்கு ஒரு விதம். சுலபமான கேள்வியில் வகுப்பே சேர்ந்து ஒரே தப்பைச் செய்யும்.

இங்கே அந்தத் தப்பு எது என்றால், கடைசி வாளி. ஓடை முடியும்போது வாளி நிறைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 300 பைட்தான் வந்திருக்கும். ஆனால் கணினியின் வாளி தகர வாளி இல்லை, சிலேட்டு மாதிரி. போன முறை எழுதியதன் மேலேயே இந்த முறை எழுதப்படும். முதல் 300 இடத்தில் புதியது, மிச்ச இடத்தில் பழையது. எத்தனை பைட் வந்தது என்று பார்க்காமல் சிலேட்டு முழுவதையும் அந்தப் பக்கம் எழுதிவிட்டால், கோப்பின் வாலில் பழைய துண்டு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சில படக்கோப்புகள் அதைப் பொறுத்துக்கொண்டு திறந்துவிடும். கணக்குக் கோப்பு பொறுக்காது.

இன்னொரு தப்பு, அவெய்லபிள் என்ற மெத்தடை நம்புவது. இப்போது காத்திருக்காமல் எவ்வளவு எடுக்கலாம் என்று அது ஓர் உத்தேசம் சொல்லும், அவ்வளவுதான். அது பூஜ்யம் என்றால் ஓடை முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அலுவலகத்து வேகமான இணைப்பில் சோதித்தால் தெரியாது. இங்கே காற்று அடிக்கிற நாளில், டவர் ஒரு நிமிஷம் தடுமாறும்போது பாதிக் கோப்போடு நிற்கும். பிழைச்செய்திகூட வராது.

இப்போது தமிழுக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவதே இந்த இடத்தில்தான்.

யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். க ஒன்று, அதன் ஊகாரக் குறி ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. 'கூடங்குளம்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறியீடு, முப்பது பைட். 'திருநெல்வேலி' முப்பத்தாறு. இப்போது 8192-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். 2730 முறை போகும், மிச்சம் இரண்டு. அதாவது முழுக்கத் தமிழாக இருக்கிற ஒரு கோப்பை 8192 பைட் வாளியில் முகந்தால், முதல் வாளியின் கடைசியில் ஒரு குறியீடு மூன்றில் இரண்டு பங்கோடு வெட்டுப்படும். மிச்சம் ஒரு பங்கு அடுத்த வாளியில். பைட்டாகவே அந்தப் பக்கம் ஊற்றினால் ஒன்றும் ஆகாது, இரண்டும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு வாளியையும் தனித்தனியே எழுத்தாக மாற்றி ஒட்டினீர்கள் என்றால் வெட்டுப்பட்ட எழுத்து போயிற்று. அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி ஒன்று உட்கார்ந்திருக்கும். நீங்கள் எல்லோரும் அதை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

இடைவெளி, புள்ளி, எண் எல்லாம் ஒரே பைட் என்பதால் எந்த இடத்தில் வெட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சின்னக் கோப்பில் வராது. ஆங்கிலத்தில் எவ்வளவு பெரிய கோப்பிலும் வராது. அதனால் எழுதியவனுக்கும் தெரியாது, சோதித்தவனுக்கும் தெரியாது. பட்டியலில் நூற்றைம்பதாவது ஆளாக நிற்கும் கிழவிக்குத்தான் தெரியும், பெயரில் ஓர் எழுத்து இல்லை என்று. இந்தப் பக்கத்தில் ஒரு பயனாளிகள் பட்டியலில் நான் கண்ணால் பார்த்த சங்கதி இது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அந்த அம்மா மூன்று முறை அலைந்தார். "பேர் சரியா இல்லையே" என்று அவரிடமே கேட்டார்கள், அவர்தான் கெடுத்தார் என்பதுபோல.

இதற்கும் நூலக வடிவமைப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஜாவாக்காரர்கள் தங்கள் நூலகத்தில் இல்லாததற்கு வெளியில் இருந்து வாங்கிப் பயன்படுத்தியது அப்பாச்சி காமன்ஸ் ஐஓ. அதில் காப்பி என்ற ஒரே பெயரில் பல மெத்தட். பைட்டிலிருந்து பைட்டுக்கு ஒன்று, எழுத்திலிருந்து எழுத்துக்கு ஒன்று, பைட்டிலிருந்து எழுத்துக்கு இன்னொன்று. அந்த மூன்றாவது, எந்த எழுத்து முறை என்று கேட்காமல், ஓடுகிற கணினியின் வழக்கம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வரில் பெரும்பாலும் சரியாக வரும். பழைய விண்டோஸ் கணினியில் தமிழெல்லாம் கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்தாகும். பிறகு 2.5 பதிப்பில் அதைக் கைவிடச் சொல்லி, எழுத்து முறையை வெளிப்படையாகக் கொடுங்கள் என்றார்கள். ஜாவா மொழியே எல்லாக் கணினியிலும் யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று சொன்னது 2022 மார்ச்சில், பதினெட்டாம் பதிப்பில்தான்.

ஆகவே நகல் எடுக்கும் மெத்தடுக்குப் படிக்கத் தெரியக் கூடாது என்பது என் கட்சி. வருவது தமிழா, பாட்டா, படமா என்று அது பார்க்கவே வேண்டாம். தபால்காரர் கவரைப் பிரித்தா பார்க்கிறார்? எழுத்தாக மாற்றுவது வேறு வேலை. அதற்கு வேறு ஆள், அந்த ஆளிடம் எழுத்து முறையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஜாவாவில் எழுத்து ஓடைகளுக்கான டிரான்ஸ்ஃபர்டூ அடுத்த பதிப்பில் தனியாக வந்தது. இரண்டையும் கலக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. நான் "ரெண்டு" என்று சொன்னது இந்த இரண்டைத்தான்.

இனி அவன் ரொம்பச் சண்டை போட்ட விஷயம். வேலை முடிந்ததும் ஓடைகளை மூட வேண்டாமா? மூடாமல் விட்டால், திறந்த கோப்புகள் அதிகமாகிவிட்டன என்று ஒரு நாள் சர்வர் படுத்துக்கொள்கிறதே, புதுசாக வருகிற பிள்ளைகள் மூட மறக்கிறார்களே, மெத்தடே மூடிவிட்டால் நல்லதுதானே என்கிறான்.

இங்கேதான் தண்ணீர் வழக்கு. இராதாபுரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வருகிற கால்வாய்த் தண்ணீர் பேச்சிப்பாறையில் புறப்பட்டுத் தோவாளைக் கால்வாய் வழியாக வருவது. நாம் கடைமடை. வழியில் இருக்கிற ஒரு வயல்காரர் தன் வயல் நிறைந்ததும் தன் மடையை அடைக்கலாம். "எனக்கு முடிஞ்சுட்டு" என்று போய்த் தலைமதகை இறக்கிவிட்டு வந்தால்? அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், தண்ணீர் வீணாகக் கூடாது என்று. கீழே காய்கிறவனுக்கு அந்த நல்ல எண்ணத்தால் என்ன பிரயோஜனம்? தலைமதகைத் திறந்தது யாரோ, அடைக்க வேண்டியதும் அவர்தான். கீழே இன்னும் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

நிரலில் இதற்கு நேர் உதாரணம் ஜிப் கோப்பு. ஒரே ஓடைக்குள் பத்துக் கோப்பு வரிசையாக வரும். முதல் கோப்பைப் பிரித்து எழுதி முடித்ததும் மெத்தட் ஓடையை மூடிவிட்டால் மிச்சம் ஒன்பது? இன்னும் சுலபமான சோதனை வேண்டுமா, கோப்பைத் திரைக்கு ஊற்றிப் பாருங்கள். மெத்தட் வெளி ஓடையை மூடினால், அதற்குப் பிறகு உங்கள் நிரல் திரையில் ஒரு வரிகூடக் காட்டாது. பிழையும் காட்டாது. ஊமையாகிவிடும்.

ஸ்பிரிங் காரர்கள் இதில் இரண்டு வழியும் நடந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய ஃபைல்காப்பியூட்டில்ஸ் வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் மூடும். பிறகு ஸ்ட்ரீம்யூட்டில்ஸ் என்று இன்னொன்று எழுதினார்கள். கிட்டத்தட்ட அதே வேலைதான், ஆனால் எதையும் மூடாது. ஒரே வேலைக்கு இரண்டு வகுப்பு வேண்டியிருந்தது, மூடுவதும் நகலெடுப்பதும் ஒரே வேலை இல்லை என்பதால். ஹடூப்பில் வேறு வழி: காப்பிபைட்ஸ் என்ற மெத்தடின் கடைசியில் ஆம், இல்லை என்று ஒன்று கொடுக்க வேண்டும், மூடவா வேண்டாமா என்று. அழைக்கிற வரியைப் படிக்கிறவனுக்கு அங்கே நிற்கிற 'ஆம்' எதற்கு ஆம் என்று எப்படித் தெரியும்? கல்யாணப் பத்திரிகையில் யாருக்குக் கல்யாணம் என்று போடாமல் "ஆம்" என்று மட்டும் போட்ட மாதிரி.

பிள்ளைகள் மறக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்கு மருந்து மொழியிலேயே இருக்கிறது. 2011-இல் ஜாவா ஏழில் வந்த டிரை அமைப்பில், எங்கே திறந்தோமோ அந்த அடைப்புக்குறி முடிகிற இடத்தில் தானாக மூடும். பைத்தானில் வித் இருக்கிறது. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் 2019-இல் பைத்தானுக்கு மாறிய பிறகு, சிஎஸ்வி கோப்புப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு அது தெரியும். திறந்த இடத்திலேயே மூடு. நடுவில் இருக்கிற வாளிக்காரனிடம் அந்த அதிகாரத்தைக் கொடுக்காதே.

எண்ணிக்கை பற்றிச் சுருக்கமாக. எத்தனை பைட் போயிற்று என்று மெத்தட் திரும்பச் சொல்ல வேண்டும், அதுவும் பெரிய எண்ணாக. காமன்ஸ் ஐஓவில் முதலில் சின்ன எண் வகையை வைத்துவிட்டார்கள். 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம் பைட்டுக்கு மேல் போனால் அதில் அடங்காது. அதனால் இரண்டு ஜிபிக்கு மேல் போனால் நகலெல்லாம் ஒழுங்காக எடுத்துவிட்டு, எண்ணிக்கை கேட்டால் மைனஸ் ஒன்று என்று சொல்லும்! பெரிய கோப்புக்கென்று காப்பிலார்ஜ் தனியாகச் சேர்த்தார்கள். முதல் மெத்தடை மாற்ற முடியவில்லை, அதற்குள் உலகமே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. பொது நூலகம் எழுதுகிறவன் கையை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். நாளைக்கு ஒன்று சேர்க்கலாம். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. பதினான்கு மெத்தட் கொடுத்தால் பதினான்கையும் ஆயுசுக்கும் கட்டி மேய்க்க வேண்டும்.

முன்னேற்றம் காட்டுகிற மெத்தடுக்கு அவன் சொன்ன நியாயம் கொஞ்சம் வலுவானது, மறுக்கவில்லை. பெரிய கோப்பு ஏறும்போது பயனாளருக்குப் பாதி ஆச்சு, முக்கால் ஆச்சு என்று காட்ட வேண்டும்தான். ஆனால் அதற்கு நகலெடுப்பவனைத் தொடாமல், ஓடையின் மேல் ஒரு மீட்டரை மாட்டலாம். தன் வழியாகப் போகிற பைட்டை எண்ணிக்கொண்டே விடுகிற ஓர் ஓடை. வீட்டுக் குழாயில் மீட்டர் மாட்டுகிறோமே, அதற்காகப் பம்பையா மாற்றுகிறோம்?

கடைசியாகப் பெயர். இதில் எனக்குத் தமிழாசிரியர் சகவாசம் உதவியது. சி, சி++ மொழிகளில் எழுத்துச்சரத்தை நகலெடுக்கும் செயற்கூற்றில் போய்ச்சேரும் இடம் முதலில், புறப்படும் இடம் பிறகு. ஜாவா நூலகங்கள் பலவற்றில் தலைகீழ். காப்பி, அடைப்புக்குறி, இரண்டு பெயர். எது எதற்குள் போகிறது? ஆங்கிலத்துக்கு வரிசைதான் பொருள். நமக்கு அப்படி இல்லை. இராமன் இராவணனைக் கொன்றான் என்றாலும் இராவணனை இராமன் கொன்றான் என்றாலும் செத்தது இராவணன்தான், வேற்றுமை உருபு காப்பாற்றிவிடும். டிரான்ஸ்ஃபர்டூ என்ற பெயர் எனக்குப் பிடிப்பதும் அதனால்தான். புறப்படும் ஓடை முன்னால், பிறகு வினை, பிறகு 'கு' உருபு மாதிரி ஒன்று, பிறகு சேருமிடம். வாசித்தாலே திசை தெரிகிறது.

'நகல்' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆதார் அட்டையை நகல் எடுத்தால் அசல் கையில் இருக்கும். ஓடையை நகல் எடுத்தால் அசல் ஓடிப்போயிருக்கும். இரண்டாம் முறை அழைத்தால் பூஜ்யம் பைட்தான் வரும். "சார், முதல் தடவை வேலை செய்யுது, ரெண்டாம் தடவை காலியா வருது" என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்! பெயர்தான் உங்களை ஏமாற்றியது.

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அச்சிட 'பதிப்பி' என்று எழுதுவோமே, அதுதான். பைத்தானின் மேல் கட்டியது, 2009-இலேயே அதைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. அந்த மாதிரி ஒரு மொழியில் இந்தச் செயற்கூற்றுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் என்ன வைப்பது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். 'கடத்து' நல்ல சொல், இயற்பியலில் வெப்பம் கடத்துகிறோம். ஆனால் தாமிரபரணிக் கரையில் கடத்தல் என்றால் முதலில் மணல் லாரிதான் ஞாபகம் வரும். 'மாற்று' என்றால் எதையோ திருத்துகிற மாதிரி இருக்கிறது. 'பாய்ச்சு' என்பதில் வந்து நிற்கிறேன். இதிலிருந்து அதற்குப் பாய்ச்சு. பாய்ச்சின தண்ணீர் திரும்பாது, பாய்ச்சுகிறவனுக்குத் தலைமதகில் வேலை இல்லை. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் கீழே எழுதுங்கள், தமிழய்யாக்கள் உட்பட.

பெங்களூர்க்காரா, பதினான்கில் எந்த இரண்டு மிச்சம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. சோதனைக்கு ஆங்கிலக் கோப்பு வைக்காதே. உங்கள் தெரு வாக்காளர் பட்டியல் அளவுக்குத் தமிழ்ப் பெயர்களாக, 8192 பைட்டைத் தாண்டுகிற மாதிரி ஒன்று வை. பெயர் நிஜ ஆட்களுடையதாக வேண்டாம், உன் கற்பனையில் வருவதைப் போடு. உன் அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.